வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்: ஊருக்கு ஒருத்தியாக இருக்கும் தோழிகளுக்கு

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது 2013-இல். இப்போது போய் அதற்கு ஒரு விமர்சனமா என்று கேட்கலாம். எங்கள் ஐந்து பேர் குழு உயிரோடு இருப்பதே அந்த மைக் பட்டனால்தான், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் மாடித்தோட்டத்தால் ஆன்லைனில் பழக்கமானவர்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்து ஒருத்தி புலம்ப, மற்றவர்கள் வைத்தியம் சொல்ல, பேச்சு அப்படியே பிள்ளைகள், மாமியார், முட்டிவலி என்று வளர்ந்துவிட்டது. நான் தஞ்சாவூர். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாகர்கோவிலில் ஒரு டீச்சர், சிங்கப்பூரில் ஒரு அக்கா, துபாயில் ஒரு தங்கச்சி. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

குரூப் கால் போட்டுப் பார்க்காமல் இல்லை. வாட்ஸ்அப்பிலேயே 32 பேர் வரை பேசலாம். ஜூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு மணி நேரம்தான். வசதிக்குக் குறைச்சல் இல்லை, நேரம்தான் ஒத்துவராது. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி போடும் ஐந்து மணிக்கு சிங்கப்பூரில் ஏழரை, அக்கா சமையலில் இருப்பார். துபாயில் மூன்றரை, தங்கச்சி ஆபீஸில். அப்படியே ஐந்து பேரும் கூடினாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். வீடியோ என்றால் தலை வேறு வாரியாக வேண்டும்.

வாய்ஸ் மெசேஜில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசலாம். நடுவில் குக்கர் விசில் அடித்தால் நிறுத்தி, அப்புறம் தொடரலாம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வெளியில் இருக்கும்போது வந்தால் போனைக் காதில் வைத்தால் போதும், ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்காது.

ஆனால் எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை, பேச்சுக்குப் பின்னால் வரும் சத்தம். திருப்பூர்க்காரி சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று பேசுவாள். "ஏனுங்க்கா, நான் பேசறது கேக்குதுங்களா?" என்று ஆரம்பிப்பாள், பின்னால் பஸ் ஹாரன் காதைப் பிளக்கும். டீச்சர் தேங்காய் துருவிக்கொண்டே பேசுகிறவர். துருவும் சத்தம் நின்றுவிட்டால் அடுத்து வருவது கனமான விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். அவர் மகன் வேலையை விட்ட செய்தி அப்படித்தான் வந்தது. டைப் அடித்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும், கூடவே ஒரு சிரிக்கிற பொம்மையும் இருந்திருக்கும்.

வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. டீச்சரின் நீண்ட பிரசங்கங்களுக்கு ஒன்றரை மடங்கு தாராளமாகப் போதும். இரண்டு மடங்கில் ஒருத்தியின் அழுகையைக் கேட்க முடியாது, கார்ட்டூன் மாதிரி இருக்கும். அது என் கண்டிப்பான கருத்து.

குறைகளுக்கு வருகிறேன். பேசியதற்குள் தேட முடியாது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று அக்கா சொன்னது எந்தக் குரலுக்குள் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பூச்சி செடியைத் தின்றுவிடும். அளவு, முகவரி, மருந்துப் பெயர் இவற்றை எழுதித்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்று, நீல டிக்கை அணைத்துவைத்தாலும் வாய்ஸ் மெசேஜை நீங்கள் கேட்டது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் பதில் போடுகிற ஆள் நான். எனக்கு இது கொஞ்சம் சங்கடம்.

பெரிய குறை வேறு. நிஜமான கஷ்டத்தில் இது உதவாது. திருப்பூர்க்காரியின் கணவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தனார், நாத்தனார் நடுவில் உட்கார்ந்திருந்தாள். துபாய்த் தங்கச்சி உருகி உருகிப் பேசி அனுப்பினாள். அதை அங்கே எப்படித் திறந்து கேட்பது? சிங்கப்பூர் அக்கா மட்டும் எழுத்தில் போட்டார்: "சாப்பிட்டியாடி? பதில் போட வேண்டாம்." அந்த ஒரு வரியைத்தான் அன்று பகல் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தாளாம். மற்றவர்களின் குரலை இரவு வார்டில் விளக்கணைத்த பிறகு போனைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று: நடக்கும்போது எழுத்து, நடந்து முடிந்த பிறகு குரல்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வேறு வேறு ஊர், வேறு வேறு ஷிப்ட் என்று இருக்கும் சிநேகிதிகளுக்கு இதைவிட ஒத்துவரும் வழியை நான் பார்க்கவில்லை. குழு பெரிதானால் சரிப்படாது, பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் கேட்க யாருக்குப் பொறுமை?

ஒரு யோசனை. யாஹூ மெசஞ்சரை 2018-இல் மூடினார்கள், ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடினார்கள். எந்த ஆப்பும் நிரந்தரம் கிடையாது. அதனால் நாங்கள் ஐந்து பேரும் எல்லோருடைய போன் நம்பர், வீட்டு முகவரியை டைரியில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறோம். ஆடிப் பட்டத்துக்கு விதை அனுப்பவும் அதுவே உதவுகிறது. அதாவது திருப்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் மட்டும். வெளிநாட்டுக்கு விதையை அப்படிச் சும்மா கவரில் போட்டு அனுப்ப முடியாது, சான்றிதழ் கேட்பார்கள். சிங்கப்பூர் அக்கா இன்னும் அதற்காக என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், வாய்ஸ் மெசேஜில்தான்.