மீன் ஏலக்கூடத்தில் ஒரு சைவக்காரன்: மூன்றரை வருட அனுபவம்

2022 பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். நடுராத்திரி, வலது கால் பெருவிரல் அடியில் யாரோ நெருப்புக் கங்கை வைத்துத் தேய்த்த மாதிரி வலித்து விழித்துக்கொண்டேன். விரல் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலும் உயிர் போனது. ஃபேன் காற்றுகூட வலித்தது என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்பமாட்டாள்.

ராமநாதபுரம் போய் ரத்தம் கொடுத்தோம். யூரிக் அமிலம் 9.1. அது மூட்டில் படிந்து வருகிற 'கவுட்' வலிதான் இது. ஆண்களுக்கு 7க்குள் இருக்கவேண்டியது. மூன்று மாதச் சர்க்கரை 6.1, பிரஷர் 150/96, எடை 84 கிலோ, வயது 46. தொடக்கூடாததை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஆட்டு ஈரல், குடல், நெத்திலி, மத்தி, நண்டு, இறால், பீர். மத்தி என்றால் எங்கள் பக்கம் சாளை. படித்துப் பார்த்தேன், எங்கள் வீட்டு ஒரு வாரச் சாப்பாடு அப்படியே அந்தத் தாளில் இருந்தது.

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். மீன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். விடியற்காலையில் ஏலம், எடை, ஐஸ், லாரி என்று மீனுக்கு நடுவில்தான் பொழுது. வீட்டுக்குப் போகும்போது குழம்புக்கு என்று யாராவது ஒரு பை கொடுத்துவிடுவார்கள். இருபது வருடமாக மீனைக் காசு கொடுத்து வாங்கியது கிடையாது.

முழுச் சைவமாகச் சொன்னது டாக்டர் இல்லை, நானாக எடுத்த முடிவு. மார்ச் 2ஆம் தேதி திருநீற்றுப் புதன் வந்தது, கிறிஸ்தவர்களான எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற நாள். தவக்காலத்தில் கறியை விடுவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் சுத்தபோசனம் என்கிற அந்தக் கறியில்லா விரதத்துக்கு மீன் உண்டு. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியை விட்டுவிட்டு நண்டுக்குழம்பு வைத்துச் சாப்பிட்டு, அதையும் தவக்கணக்கில் எழுதிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தத் தடவை மீனையும் சேர்த்து விட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஈஸ்டர் வரைக்கும்தான் திட்டம்.

அந்த வருடம் பெரிய வெள்ளியும் மீன்பிடித் தடைக்காலமும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 15. விசைப்படகெல்லாம் 61 நாள் கரையில் நிற்கும். நாட்டுப்படகில் வருவது மட்டும்தான் மீன், அதுவும் விலை ஏறிக் கிடக்கும். கம்பெனியில் வேலை இல்லை, கையில் பை இல்லை. சரி, தடை முடிகிறவரை ஓட்டுவோம் என்று இழுத்ததில் 40 நாள் நூறு நாளைத் தாண்டிவிட்டது. தடைக்காலம் இல்லாத மாதத்தில் ஈஸ்டர் முடிந்திருந்தால், மறுநாளே சாளைக்குழம்பில் கைவைத்திருப்பேன்.

இதற்கு நடுவில், சைவமான மூன்றாவது வாரத்தில் கால் மறுபடியும் வீங்கியது. மீனையே தொடாதவனுக்கு எப்படி என்று எனக்கு ஒரே கோபம். சாப்பாட்டை மாற்றியதோடு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தியும் இருந்து, அந்த வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. பட்டினி கிடந்தாலும் எடை சட்டென்று இறங்கினாலும் யூரிக் அமிலம் கொஞ்ச நாளைக்கு ஏறுமாம். புதிதாக மாறுகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான் பாதியில் விட்டுவிட இருந்தேன்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் பருப்பிலும் கீரையிலும் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு மாதம் பருப்பையே ஒதுக்கிவைத்தேன். ஆட்டு ஈரலும் நெத்திலியும் செய்கிற வேலையைப் பருப்பு செய்வதில்லை. செடியிலிருந்து வருகிற பியூரின் இந்த வலியை அவ்வளவாகத் தூண்டாது, பாலும் தயிரும் நல்லதே செய்யும் என்று அடுத்த தடவை டாக்டர் சொன்னார். ஒரு மாதம் ரசத்தையும் உருளைக்கிழங்கையும் தின்றது மிச்சம்.

ஜூன் கடைசியில் பார்த்தபோது யூரிக் அமிலம் 7.6. சாப்பாட்டால் இறங்கியது அவ்வளவுதான். அதற்குக் கீழே இறக்கியது மாத்திரை. சைவமானால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் என் ரிப்போர்ட்டை வந்து பார்க்கலாம். பீரை விட்டதற்கும் இதில் பங்கு உண்டு. மீனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது.

சமையல் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் மணல் பூமி. மல்லிகை நாற்றை ஊர் ஊராக அனுப்புவோம், வெண்டைக்காயும் பீன்ஸும் வெளியிலிருந்து வரவேண்டும். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றியது மதுரை சுற்றி, பாம்பன் பாலம் தாண்டி வருவதற்குள் வாடிவிடும். சும்மா வந்த மீன் போய், வாரத்துக்கு 600 ரூபாய் காய்க்கு. 'சைவம் சிக்கனம்' என்பதெல்லாம் கடற்கரைக்கு ஒத்துவராது. கொல்லை முருங்கை மட்டும் கைவிடவில்லை. நுங்குக் காலம், பனங்கிழங்குக் காலம் என்று பனையும் அவ்வப்போது கைகொடுக்கும்.

நாக்குக்கு வழி கண்டுபிடித்தது அம்மா. முதல் இரண்டு வாரம் மனைவி வைத்த சாம்பாரை மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா வாழைக்காயைத் தோல் சீவி, சீலாவைத் துண்டு போடுகிற மாதிரி குறுக்கே வட்டமாக வெட்டினாள். மஞ்சளும் உப்பும் புரட்டி அரைமணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் லேசாகச் சுட்டு எடுத்தாள். அப்புறம் முண்டு வத்தல், மல்லி, சீரகம், தேங்காய் அரைத்துப் புளி கரைத்துக் கூட்டிய குழம்பு, கூடவே இரண்டு கீற்று மாங்காய். எல்லாம் மீன்குழம்புக்கு வைக்கிற அதே கூட்டு. நம்ம ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அது தருகிற நிறமும் மணமும் வேறு வத்தலில் வராது. குழம்பு நுரைத்துக் கொதிக்கும்போது வாழைக்காயை ஒவ்வொன்றாக இறக்கினாள், அதுவும் மீன் வைக்கிற மண்சட்டியில்.

"ஏம்மா, சைவம்னு சொல்லிட்டு மீன் சட்டியிலயா?"

"வேற சட்டியில வச்சா மொட்டையா இருக்கும்யா. பேசாம சாப்பிடு."

விரதத்துக்காகச் சைவமாக இருப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். எனக்கு யூரிக் அமிலம்தான் கணக்கு, சட்டியின் பழைய வாசத்தில் அது ஏறப்போவதில்லை. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வயிறு நிறைந்ததில்தான் அடுத்த வில்லங்கம். மீன்குழம்பு என்றால் ஒரு தடவை சோறு, இரண்டு துண்டு மீன், கை கழுவிவிடலாம். சாம்பார் வந்ததும் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று ஆனது. காலையில் இட்லி, இரவில் தோசை. சாயங்காலம் பஜ்ஜி. கீழக்கரைக்குக் கணக்கு விஷயமாகப் போனால் தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், இனிப்பு, சைவம்தானே! செப்டம்பரில் சர்க்கரை 6.1இலிருந்து 6.7 ஆகியிருந்தது. 6.5ஐத் தாண்டினால் சர்க்கரை நோய்க் கணக்கு. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 268. நடுவில் 80க்கு வந்த எடை திரும்ப 83. டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சைவமா மாறினீங்களா, சோத்துக்கு மாறினீங்களா?" என்றார். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை எழுதினார்.

நான் தொலைத்தது புரதம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும். ஒரு கிண்ணம் சாம்பாரில் அதில் கால்வாசி தேறினால் பெரிது. மீன் துண்டு இருந்த இடத்தில் சோறு வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தட்டையே தலைகீழாக மாற்றினேன். முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ கருப்பு உளுந்தோ ஏதாவது ஒன்று. அப்புறம் காய். கடைசியில்தான் சோறு, ஒரு கரண்டி, அதற்குக் கெட்டிப் பருப்பு. வாரத்தில் இரண்டு நாள் மீல்மேக்கர், எனக்குப் பிடிக்காது, ஆனாலும். கம்பெனி மேசையில் அவித்த நிலக்கடலை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். இரவில் குதிரைவாலிச் சோறு. அதையும் அளவோடுதான் சாப்பிடவேண்டும், சிறுதானியம் என்று மூன்று தடவை போட்டுக்கொண்டால் பழைய கதைதான். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தினேன், கீரையில் இருக்கிற இரும்புச்சத்து சேரவிடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சேரும். ஆறு மாதத்தில் சர்க்கரை 6.2.

பிரஷர் இறங்கியதற்கு நான் கண்ட காரணம் கருவாட்டை விட்டதுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு கருவாட்டோடு பழைய சோறு சாப்பிடுகிறவனுக்கு அது காலையிலேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த இடத்தை ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் பிடித்துவிடப் பார்த்தன. மனைவி ஊறுகாய்ப் பாட்டிலைப் பரணில் ஏற்றிவைத்தாள். எனக்கு எட்டும், ஆனால் ஸ்டூல் போடுகிற சத்தம் கேட்டுவிடும்.

எல்லாம் சீரானது என்று நினைத்திருந்தபோது, 2024 ஜனவரி வாக்கில் நாக்கு எரிய ஆரம்பித்தது. ஏலம் முடிவதற்குள் அசதி. பாதம் மரத்துப்போய், மணலில் நடந்தால் சாக்கு விரித்து அதன்மேல் நடக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் ஏலக்கூடத்து ஈரத்தரையில் இடது கால் செருப்பு கழன்றுபோனது தெரியாமல் பத்தடி நடந்து தராசுப் பக்கம் போய்விட்டேன். டிரைவர் ஒருத்தர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, "கணக்கரே, இதை ஏலத்துக்கு விடவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயம்.

போன இடத்தில் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது என்று சொல்லி இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் எடுக்கவில்லை. எதுவும் மாறவில்லை. லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் கேட்டாள், "சித்தப்பா, பி12 பாத்தீங்களா?" பார்த்தால் 142. 200க்குக் கீழே போனாலே குறைவு.

பி12 என்கிற வைட்டமின் மீன், கறி, முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. காய்கறியில் கிடையாது. நம் ஈரலில் சேர்த்துவைத்திருப்பது கொஞ்சகாலம் தாங்கும் என்பதால் மாறிய உடனே தெரியாது. ஒன்றிரண்டு வருடமோ அதற்கு மேலேயோ கழித்து, நாம் மறந்தபிறகு வந்து நிற்கும். போதாததற்கு மெட்ஃபார்மின், பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும் மாத்திரை. எனக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பாலும் டீயில் விடுகிற அளவோடு சரி. சைவமாகி, சர்க்கரை மாத்திரையும் போடுகிறவர்கள் கால் மரத்தால் சர்க்கரைதான் என்று முடிவுகட்டாமல் இந்த ஒரு டெஸ்ட்டைக் கேட்டு எடுங்கள். இந்தப் பகிர்வை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை போடு, அதில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு நண்பர் பிடிவாதமாகச் சொன்னார். பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிற ஊர், பாசி என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடம்புக்கு உதவாத வகை. ஊசிதான் போட்டேன், பிறகு மாத்திரை. நாக்கு இரண்டு வாரத்தில் சரியானது. பாதம் தெளிய ஆறு மாதம் ஆனது. இடது சுண்டுவிரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது தினமும் இரண்டு டம்ளர் பால், மதியம் தயிர், டாக்டர் சொன்னபடி பி12 மாத்திரை. முட்டையும் சாப்பிடலாம் என்றார். மீனை விட்டபிறகு ஏனோ முட்டை வாசம் பிடிக்காமல் போய்விட்டது.

சொந்தபந்தம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் "மாப்ள சாமியாராயிட்டாரு" என்றார்கள், இரண்டாம் வருடம் பந்தியில் எனக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் சாம்பார் வந்தது. வெளியே போனால் ராமேஸ்வரம் கோயில் பக்கம் சைவ ஓட்டலுக்குப் பஞ்சமில்லை.

போன மாதம் எடுத்த ரிப்போர்ட்: எடை 76, யூரிக் அமிலம் சின்ன மாத்திரையோடு 5.7, சர்க்கரை 6.0, பிரஷர் 130/84, டிரைகிளிசரைடு 150க்குள். கால் வீங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இழப்பும் இருக்கிறது. சாளையில் இருக்கிற நல்ல கொழுப்புக்கு ஈடாக ஆளிவிதைப் பொடி சாப்பிடுகிறேன், அதிலிருந்து உடம்பு மாற்றி எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதனால்தானோ என்னவோ, டாக்டரே இந்தத் தடவை, "வாரத்துக்கு ரெண்டு நாள் விளமீன் மாதிரி ஏதாவது ரெண்டு துண்டு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது. நெத்திலி, சாளை பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார்.

அனுமதி கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் சாப்பிடவில்லை. உடம்புக்குப் பயந்து இல்லை. இரண்டு துண்டோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று எனக்கும் தெரியும், வீட்டிலும் தெரியும்.

விளமீனைக்கூடத் தாங்கிவிடுவேன். இப்போது மழை. மழை நாளில் அடுத்த வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுப்பார்கள். அந்த வாசம் சுவர் ஏறி வந்தால், குடையைக்கூட எடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவேன். அரைமணி நேரத்தில் மனைவி போன் பண்ணுவாள்: "சட்டியை இறக்கிட்டாங்க. வாங்க."