இளநீர், எலக்ட்ரோலைட் பொடி, ஓ.ஆர்.எஸ், உப்பு மோர்: பெண்களுக்கு அன்றாடம் எது சரிவரும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உப்பு மோர் பக்கம். திருச்சியில் பள்ளி ஆசிரியை. பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு பொடி. தலைசுற்றலுக்கு ஒருவர், காலில் பிடிப்புக்கு ஒருவர், மாதவிடாய் சமயத்துச் சோர்வுக்கு இன்னொருவர் எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற தாது உப்புகள்) கலந்து குடிக்கிறார்கள். நானும் சில பாக்கெட்டுகள் வாங்கிக் குடித்திருக்கிறேன். பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான் மோருக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஆளுக்கு ஆள் நிறைய மாறும் என்றாலும், ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம் என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் 200 மில்லிகிராமை ஒட்டித்தான் போகும். மெக்னீசியம், கால்சியம் எல்லாம் அதைவிடக் குறைவு. எனவே வியர்த்துக் கொட்டிய பிறகு எந்தப் பானத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது சோடியத்தை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்சவரம்பு நாளுக்கு 2 கிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் உப்பு உள்ளே போகிறது. சாம்பார், ஊறுகாய், அப்பளம், மாலையில் ஒரு மிக்சர் என்று சாப்பிடுகிற வீட்டில், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் நாளில் ஈடுகட்ட வேண்டிய சோடியம் என்று எதுவும் இல்லை. அன்றைக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

பச்சைத் தண்ணீருக்குப் பெண்கள் விஷயத்தில் தனிப் பெருமையும் இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓர் ஆண்டில் அவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள், குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் பாதியளவே இருந்தன. எந்தப் பொடியும் கலக்காத வெறும் தண்ணீர். கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருக்கிற டீச்சர்களையும் ஜவுளிக்கடைப் பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை சுத்தமான கழிப்பறை. அது இல்லாத இடத்தில் எலக்ட்ரோலைட் விற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இளநீருக்கு வருவோம். ருசியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அது பொட்டாசியப் பானம். 250 மில்லியில் பொட்டாசியம் 500 மில்லிகிராம் வரைகூட இருக்கும். சோடியம் அதைவிட மிகக் குறைவு, காய்க்குக் காய் மாறவும் செய்யும். வியர்வையில் போனது சோடியம், இளநீரில் வருவது பொட்டாசியம். நம் சாப்பாட்டில் பொட்டாசியம் பொதுவாகக் குறைவு என்பதால் ஆரோக்கியமான ஒருவருக்கு இது நல்லதுதான். வெயிலில் வேர்த்து வந்தவருக்கு அது மட்டும் போதாது. கூடவே உப்புப் போட்ட ஏதாவது சாப்பிட்டால் சரியாகிவிடும்.

இளநீரில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு முகத்தில் முடி வளர்வதற்கும் பருவுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை எழுதித் தருவார்கள். அது உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை மாத்திரைகளும் அப்படியே. சிறுநீரகம் பலவீனமானவர்கள் இந்த மாத்திரைகளோடு தினமும் இளநீர் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். ‘இயற்கையானதுதானே’ என்று நினைக்காமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ், அதாவது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல், ஒரு மருந்து. அதை மருந்தாகவே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வரலாறு இதற்கு இருக்கிறது. இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். சோடியம் மட்டும் 1.7 கிராமைத் தாண்டும். பேதியிலும் வாந்தியிலும் அது உயிர் காக்கிற அளவு. சும்மா இருக்கிற நாளில் ஒரு லிட்டர் குடித்தால், ஒரு நாளைக்கான சோடிய வரம்பில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துபோகும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பது இன்னும் மோசம். கடையில் சிறிய பாக்கெட்டும் விற்கிறார்கள், எவ்வளவு தண்ணீருக்கு என்று படித்துவிட்டுக் கலக்குங்கள். பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்’ என்று போட்டுக்கொண்டு சர்க்கரை மிகுந்த பழச்சாறு டப்பாக்கள் பல வருடம் விற்றன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தடை போட்டது. வீட்டில் பழைய டப்பா இருந்தால் பேதிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பொடிகளும் கரையும் மாத்திரைகளும். பையில் போட்டுக்கொண்டு போகலாம், கெட்டுப்போகாது. இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் அளவில்தான். அமெரிக்காவில் பேர்போன எல்எம்என்டி பாக்கெட் ஒன்றில் சோடியம் 1000 மில்லிகிராம். வேறு சிலவற்றில் அதில் கால் பங்குகூட இருக்காது. ‘எலக்ட்ரோலைட்’ என்ற ஒரே பெயரில் இவ்வளவு வித்தியாசம். சர்க்கரையும் அப்படியே. வழக்கமான ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் அரை லிட்டரில் சர்க்கரை 30 கிராம் இருக்கும். மணிக்கணக்கில் ஓடுபவர்களுக்கு அது தேவைப்படலாம், வகுப்பில் நிற்பவருக்கு எதற்கு?

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது: சோடியத்தை நானே கூட்டவோ குறைக்கவோ முடிகிறதா? பொடியில் முடியாது, பாக்கெட்டில் இருப்பதுதான் அளவு. இளநீரில் முடியாது. ஓ.ஆர்.எஸ்-ல் கூடவே கூடாது, அந்த விகிதம்தான் அதன் வேலையே. மோரில் முடியும்.

நான் செய்வது இதுதான். 100 கிராம் தயிர், 400 மில்லி தண்ணீர். கடைந்தால் இரண்டு பெரிய டம்ளர். காலை நடை நீண்டு புடவை நனையும் அளவுக்கு வேர்த்த நாளிலும், மைதானத்தில் விளையாட்டு விழா நடக்கும் நாளிலும் கால் டீஸ்பூன் உப்பு. அது 1.5 கிராம் உப்பு, சோடியக் கணக்கில் 600 மில்லிகிராம். அரை லிட்டருக்கு மேல் போன வியர்வைக்கு ஈடு. சாதாரணப் பள்ளி நாளில் ஒரு சிட்டிகை, 150 மில்லிகிராம்கூட வராது. விடுமுறையில் வீட்டிலேயே இருந்தால் உப்பே இல்லாமல் கறிவேப்பிலையும் பெருங்காயமும் மட்டும். என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதே பாத்திரத்திலிருந்து அவருக்கு உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிடுவேன். ஒரே பானத்தில் இரண்டு பேருக்கு இரண்டு அளவு. கடையில் விற்கும் எதிலும் இது நடக்காது.

தயிரே கொண்டுவருவதும் உண்டு: அந்த 100 கிராமில் பொட்டாசியம் 150, கால்சியம் 120 மில்லிகிராமை ஒட்டி, கூடவே கொஞ்சம் புரதம். பிரிட்டனில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் பதின்மூன்று பானங்களை ஒப்பிட்டார்கள். பாலும் ஓ.ஆர்.எஸ்-ம் தண்ணீரைவிட உடலில் நன்றாகத் தங்கின, ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் தண்ணீரை ஒத்தே இருந்தது. மோர் அந்தப் பட்டியலில் இல்லை. அதில் கலந்துகொண்ட 72 பேருமே ஆண்கள். அதனால் அதை மோருக்கான சான்றிதழாக நான் நீட்ட மாட்டேன், திசை காட்டுகிறது என்று மட்டும் சொல்வேன்.

உப்பு விஷயத்தில் ஒன்று. மோருக்கு இந்துப்புத்தான் நல்லது என்று பலர் மாறிவிட்டார்கள். அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அயோடின் மட்டும் சேர்த்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், மற்றவர்களைவிட 100 அதிகம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணும் கர்ப்பிணியும் இருக்கிற வீட்டில் அயோடின் உப்பை விட்டுவிடக் கூடாது.

மாதச் சுழற்சி பற்றிக் கேட்கிறார்கள். கருமுட்டை வெளியான பின் இரண்டாம் பாதியில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், தாகமும் சற்று முன்னதாகவே எடுக்கும். அந்தத் தாகத்தைக் கேட்டுக் குடித்தால் போதும். அதற்கென்று தனி எலக்ட்ரோலைட் பாக்கெட் தேவை என்பதற்கு ஆதாரம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பாலூட்டும் தாய்க்குத்தான் தேவை நிஜமாகவே கூடும்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில், உணவில் வருவதையும் சேர்த்துப் பெண்ணுக்கு நாளுக்கு 2 லிட்டர், கர்ப்பத்தில் 300 மில்லி கூடுதல், பாலூட்டும்போது 700 மில்லி கூடுதல்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வு, தலைசுற்றல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் எல்லாம் அதன் அடையாளங்கள். அதையெல்லாம் ‘எலக்ட்ரோலைட் குறைவு’ என்று பெயர் சூட்டிப் பொடி கலந்து குடித்துக்கொண்டிருந்தால் இரும்புச்சத்துக் குறை அப்படியே இருக்கும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண் பொடிக்குச் செலவழிக்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

மோர் கைவிடும் இடங்களும் உண்டு. பதினொரு மணி இடைவேளையைத் தாண்டினால் பாட்டிலிலேயே புளித்துவிடும். பகல் முழுக்க வெளியில் அலைகிற வேலை என்றால் பொடியோ, தண்ணீரோடு உப்புக்கடலையோதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உப்பு, எலுமிச்சை கலந்த நீராகாரம் இருக்கிறது. மாரத்தான் ஓடுபவர்களுக்கும் வயல்வேலை, உப்பள வேலை செய்பவர்களுக்கும் இந்த அளவுகள் பொருந்தும் என்று நான் சொல்ல முடியாது, அந்த உழைப்பு எனக்குப் பழக்கமில்லை. ஓடுகிற பெண்களுக்கு மட்டும் ஒன்று: 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. காரணம் பெரும்பாலும் தாகத்துக்கு மேல் குடித்த தண்ணீர். ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடித்தவர்களும் அதில் தப்பவில்லை.