திரிபு ஒரே பட்டையில் ஒடுங்கும்போது: ஃபைனைட் எலிமென்ட் கணக்கீட்டில் நெடுநாள் அனுபவம்

பிளாஸ்டிக் உருமாற்றத்தின்போது (சுமை நீங்கினாலும் மீளாத வடிவ மாற்றம்) திரிபு, அதாவது பொருள் உருமாறும் அளவு, முழுவதும் ஒரு குறுகிய ஷியர் (சறுக்குப்) பட்டைக்குள் ஒடுங்குவதை, பொருளை எலிமென்ட் எனும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஆராய்வது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. எந்தத் தீர்வுமுறையைக் கையில் எடுத்தாலும், அதை முதலில் ஒரு சோதனைக்கு உட்படுத்துவேன்: அகலத்தைப்போல் இருமடங்கு உயரமுள்ள செவ்வக மாதிரியில் ஓர் எலிமென்ட்டை மட்டும் சற்றே பலவீனமாக்கி மேலிருந்து அழுத்தி, மெஷ்ஷை (எலிமென்ட்களின் வலையை) நுணுக்கிக்கொண்டே போவது.

சாதாரணப் பொருள்மாதிரியில் உச்சச் சுமை வரை எல்லா மெஷ்களின் சுமை–இடப்பெயர்ச்சி வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அதற்குப் பின் நுண்ணிய மெஷ்ஷின் வளைவு செங்குத்தாகச் சரியும். பட்டை ஓர் எலிமென்ட் அகலத்துக்குச் சுருங்கும். மெஷ் நுணுகும் அளவுக்குச் செலவாகும் ஆற்றலும் சுழியை நோக்கிப் போகும். இதற்காகச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சால்வரைக் குறைசொல்வதில் பொருளில்லை. பட்டை உருவாவதற்கு ருட்னிக்கியும் ரைஸும் 1975-இல் வகுத்த நிபந்தனை நிறைவேறியதுமே சமன்பாடுகள் தம் நீள்வட்டத் தன்மையை (மெஷ்ஷைச் சாராத தீர்வுக்குத் தேவையான கணிதப் பண்பை) இழந்துவிடுகின்றன. பாய்வு விதி (பிளாஸ்டிக் திரிபின் திசையைச் சொல்வது) விளைவுப் பரப்போடு (அத்திரிபு தொடங்கும் தகைவு எல்லை) ஒத்துப்போகாத பொருள்களில், மென்மையாதல், அதாவது திரிபு கூடக் கூடத் தாங்குதிறன் குறைவது, தொடங்கும் முன்பே இது நேரலாம்.

இதைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்றான, பாசந்த், ஓ (Oh) இருவரின் விரிசல்பட்டை முறை (1983) எலிமென்ட் அளவுக்கேற்ப மென்மையாதல் சரிவைத் திருத்துகிறது. சுமை வளைவு மட்டும் போதுமென்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் பட்டை இன்னமும் மெஷ் கோடுகளையே பிடித்துக்கொண்டு ஓடும். பாகுமை (உருமாறும் வேகத்தைச் சார்ந்த எதிர்ப்பு) சேர்ப்பது எழுத எளிது. ஆயினும் சுமையேற்றும் வேகம் குறையக் குறைய அதன் பயனும் கரைந்துபோவதால், மெதுவான சோதனைகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் நிலைத்து நின்றது அண்டைப் புள்ளிகளின் சராசரியில்தான். பிளாஸ்டிக் திரிபை வெறுமனே சராசரியாக்கினால் பட்டை அப்போதும் சுருங்கிவிடும். வெர்மீரும் பிரிங்க்ரீவும் காட்டியபடி, சராசரி மதிப்புக்கு 1-ஐ விஞ்சிய எடை m-ஐயும், அந்தந்தப் புள்ளியின் மதிப்புக்கு 1−m என்ற எதிர்மறை எடையையும் தந்தால்தான் அகலம் நிலைக்கும். விலையும் உண்டு. வணிக மென்பொருள்களில் பொருளின் நடத்தையைக் கணிக்கப் பயனர் எழுதும் சப்ரூட்டினுக்குப் (நிரல்பகுதிக்கு) பொதுவாக ஒரு புள்ளியின் மதிப்புகளே நேரடியாகக் கிடைக்கும் என்பதால் அண்டைப் பட்டியலை நாமே பராமரிக்க வேண்டும். விசையையும் இடப்பெயர்ச்சியையும் இணைக்கும் விறைப்பு மேட்ரிக்ஸ் சமச்சீர் இழந்து, சுழியல்லாத எண்கள் கூடி அடர்த்தியாகும். விளிம்பருகே சராசரி வட்டம் வெட்டுப்படுவதால் அங்கே பட்டை சற்று விலகும்.

எலிமென்ட் தேர்வையும் அலட்சியப்படுத்தக் கூடாது. முழு ஒருங்கிணைப்புள்ள நான்குமுனை எலிமென்ட், கனஅளவு மாறாத பாய்வில் இறுகிப்போய்ப் பட்டையையே மறைத்துவிடும். கனஅளவுத் திரிபை எலிமென்ட் முழுவதற்கும் சராசரியாக்கும் பி-பார் வடிவம் அந்தத் தொல்லையைத் தராது. சுமை வளைவு பின்னோக்கி மடங்கும் இடத்தில், சுமையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே அடியெடுத்து, எல்லா முனைகளையும் கணக்கில் கொள்ளும் வில்நீள முறை தடுமாறும்போது, பட்டைக்குள் இருக்கும் சில முனைகளின் சார்பு இடப்பெயர்ச்சியைக் கட்டுப்பாட்டு மாறியாக்கினால் கணக்கு நகரும்.

சராசரி எடுக்கும் தொலைவை நிர்ணயிக்கும் உள்நீளத்தைச் சுமை வளைவிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க முடியாது, ஏனெனில் மென்மையாதல் சரிவை மாற்றியும் அதே வளைவைப் பெறலாம். மாதிரியின் பரப்பைப் படமெடுத்துத் திரிபுப் புலத்தை அளந்து, பட்டை அகலத்தைத் தனியே அறிந்த பிறகே அதற்கு மதிப்புத் தருகிறேன். மணலில் அந்த அகலம் ஏறத்தாழ 10 முதல் 20 மணல்மணி விட்டங்கள் வரை இருக்கும்.