பழையபேட்டை மிக்ஸி கடையிலிருந்து அமேசானுக்கு மூன்று ஸ்டார்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருபத்து மூன்று வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி ஜாருக்கு புஷ், பிளேடு மாற்றுவது, குக்கருக்குக் கேஸ்கெட் போடுவது, ஸ்டவ் பர்னர் அடைப்பு எடுப்பது, இதுதான் பிழைப்பு. அமேசானைப் பற்றி நான் எழுதுவது சம்பந்தி வீட்டைப் பற்றி எழுதுவது மாதிரி. விட்டுக்கொடுக்கவும் முடியாது, புகழவும் மனசு வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஸ்பேர் வேண்டுமென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடுதான். ஒரு நாள் கடை அடைப்பு, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, திரும்பி வரும்போது ஓசூரில் டிராஃபிக். இப்போது ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, படுத்துக்கொண்டே போனில் மோட்டாருக்கான கார்பன் பிரஷ் ஆர்டர் போடுகிறேன். இரண்டு மூன்று நாளில் கடை வாசலுக்கே வருகிறது. கெலமங்கலத்திலிருந்து ஓர் அக்கா பழைய மாடல் ஜார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி உடைந்திருந்தது. கம்பெனி டீலரே இல்லை என்று கைவிரித்த மூடி அது. அமேசானில் தேடி எடுத்துக் கொடுத்தேன். தொலைந்த கொலுசு கிடைத்த மாதிரி வாங்கிப் போனார்.

அதே போன்தான் எனக்கு எதிராகவும் திரும்புகிறது. "ஏண்ணா, புது மிக்ஸியே ஆயிரத்து எண்ணூறுக்குப் போட்டிருக்கான், நீங்க மோட்டாருக்கே எழுநூறு சொல்றீங்க" என்று திரையை முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. ஆறு மாதத்தில் அந்தப் புது மிக்ஸியும் என் மேஜைக்குத்தான் வரும்.

என் தொழிலில் ஆன்லைன் எங்கே இடறுகிறது என்பதை ஒரு கப்ளரை வைத்துச் சொல்லலாம். மிக்ஸி மோட்டார் மேல் கறுப்பாக, பல் பல்லாக இருக்குமே, அதுதான் கப்ளர். ஒருமுறை ஒரு தளத்தில் பத்து கப்ளர் வாங்கினேன். எந்தத் தளம் என்று கேட்காதீர்கள், என் போனில் நாலைந்து ஆப் இருக்கிறது. 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. வந்ததைப் பிரித்தால் பல் எண்ணிக்கையே வேறு, நடு ஓட்டையும் ஒரு நூல் பெரிசு. ரிட்டர்ன் போட்டேன். எடுக்க வந்த தம்பி, "கவர்ல ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குண்ணா, எடுக்க மாட்டாங்க" என்றான். அவன் என்ன செய்வான், பாவம். பத்தும் கம்பியில் கோத்துக் கடையில் தொங்குகிறது. பேரன் வந்தால் பம்பரம் விடுகிறான்.

ஜெஃப் பெசோஸ் 1994-இல் அமேசான் கம்பெனியை ஆரம்பித்து, 1995-இல் கடை திறந்தபோது ஏன் புத்தகத்தை எடுத்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புத்தகத்துக்குப் பல் கிடையாது. ஒரே புத்தகம் எந்த ஊரில் வாங்கினாலும் அதே புத்தகம், கெட்டும் போகாது. இந்தியாவில் 2013 ஜூனில் வந்தபோதும் புத்தகமும் சினிமா டிஸ்க்கும்தான் முதலில் விற்றார்கள். நம் பக்கத்து பெங்களூரில் 2007-இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டும் புத்தகத்தில்தான் பிள்ளையார் சுழி போட்டது. கப்ளரில் ஆரம்பித்திருந்தால் இரண்டு பேருமே ஒரு வருடத்தில் ஷட்டரை இறக்கியிருப்பார்கள்.

இன்னொன்று. அமேசான் முழு வருட லாபம் முதன்முதலாகப் பார்த்தது 2003-இல். அதாவது ஒன்பது வருடம் கழித்து. எனக்கு ஒன்பது மாதம் லாபம் வராவிட்டால் கடையை வாடகைக்கு விட்ட ஓனர் சாவியைக் கேட்பார். 1997-இல் பங்குச் சந்தைக்குப் போய், அடுத்தவர் பணத்தில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டே விலையைக் குறைத்து வளர்ந்தார்கள். 2006 வாக்கில் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதியை வாடகைக்கு விடும் தொழிலையும் தொடங்கினார்கள். இன்றைக்கு லாபத்தில் பெரும் பங்கு அதில்தான் வருகிறது. ஒரு பையில் ஓட்டை இருந்தாலும் இன்னொரு பை நிரம்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே சட்டைப் பை.

சரி, இதுவரைக்கும் சொன்னது சாமர்த்தியம். என்னை உறுத்துவது வேறு.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? கடை போடுகிறவர்கள் சுங்கம் கட்ட வேண்டும். சுங்கம் வாங்குகிறவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் போவார். அவரே ஒரு நாள் நுழைவு வாசலில் வெங்காயக் கடை போட்டு, மற்ற வெங்காயக்காரர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளினால் சந்தையே சண்டைக்கு நிற்கும். அமேசான் 2000-இல் தன் கடைக்குள் வெளி வியாபாரிகளை விட்டது. 2009-இல் அமேசான் பேசிக்ஸ் என்று தன் பெயரிலேயே சரக்கும் போட்டது. நம் சுங்கக்காரருக்கு யார் கடையில் கூட்டம் என்று கண்ணால் தெரியும், அவ்வளவுதான். இவர்களிடம் எல்லாக் கடையின் கணக்கு நோட்டும் இருக்கிறது. வியாபாரிகளின் உள் கணக்கைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனி ஆன்லைனில் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது, சந்தை மட்டும்தான் நடத்தலாம். இங்கே பெரிய வியாபாரியாக இருந்த கிளவுட்டெயில், அமேசானும் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் முதலீட்டுக் கம்பெனி கேட்டமரனும் கூட்டாக நடத்தியது. சுங்கக்காரர் மச்சான் பேரில் கடை போடுகிற மாதிரி என்று எங்கள் டீக்கடையில் சொல்வோம். சந்தை நடத்துகிறவருக்குப் பங்கு உள்ள கம்பெனி அதே சந்தையில் விற்கக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பங்கைக் குறைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 2022-இல் அந்தக் கூட்டு முடிந்தது. 2020-இலேயே, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது.

சுங்கம் எவ்வளவு என்பதை அக்கா மகனிடம் பார்த்தேன். காவேரிப்பட்டணத்தில் மாங்காய்த் தொக்கு போட்டு ஆன்லைனில் விற்கிறான் (இதிலும் எந்தத் தளம் என்பது வேண்டாம்). இரண்டு பாட்டில் சேர்த்து 640 ரூபாய். கையில் வந்தது 402. கமிஷன் ஒன்று, ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் குளோசிங் ஃபீஸ் ஒன்று, எடைக் கட்டணம் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஜி.எஸ்.டி. எடையில்தான் இடித்தது. பார்சல் தராசில் ஒன்றே கால் கிலோ. அவர்கள் கணக்கிலோ 2.4 கிலோ. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். 30, 20, 20 பெட்டி, 12000. வகுத்தால் 2.4. காற்றுக்கும் சேர்த்துக் கூலி கட்டியிருக்கிறான். அப்புறம் முட்டை அட்டையை வெட்டி இடையில் வைத்து, 20, 15, 15 பெட்டிக்கு மாற்றினோம். இப்போது உண்மை எடைக்குத்தான் காசு. "மாமா, மிக்ஸி கடையை விட்டுட்டு இங்கயே வந்துடு" என்கிறான். அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள ஏராளமான பொருட்களுக்கு அந்தக் கமிஷனை எடுத்துவிட்டது. அதைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும்.

பிரைம் பற்றி, அதாவது பார்சல் சீக்கிரம் வர அமேசானுக்குக் கட்டும் சந்தா பற்றி, இரண்டு வரி. 2016-இல் இங்கே வந்தபோது வருடத்துக்கு 499 ரூபாய். 2021 கடைசியில் 999-ஐ 1,499 ஆக்கினார்கள். முதலில் பழக்கு, பிறகு ஏற்று. கேபிள்காரர் செய்ததுதான். அமெரிக்காவில் ஜனங்களை ஏமாற்றிச் சேர்த்ததாகவும், வெளியே வர விடாமல் சுற்றவிட்டதாகவும் போட்ட வழக்கில் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமாதானம் ஆனார்கள். நான் பிரைம் எடுக்கவில்லை. கார்பன் பிரஷ் மூன்று நாள் காத்திருக்கும்.

ஸ்டார் கணக்கு: சரக்கு கிடைப்பதற்கு ஐந்து. ஸ்பேர் தேடும் பக்கத்துக்கு இரண்டு. நான் கேட்ட மாடலுக்கு மேலே 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் நாலு வரிசை விளம்பரம் வந்து நிற்கிறது, எனக்கோ வெள்ளெழுத்து. சந்தையை நடத்தும் விதத்துக்கும் இரண்டு. கூட்டி வகுத்தால் மூன்று.

ஸ்பேர் வாங்குகிறவர்கள் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். பல்லை எண்ணுங்கள், மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள், ஓட்டையை ஸ்கேலில் அளந்து, வாங்கினவர்கள் போட்ட போட்டோவோடு ஒப்பிடுங்கள். கம்பெனிக்காரன் படத்தை நம்பாதீர்கள். பார்சல் வந்தால் ஸ்டிக்கர் கிழியாமல் பிளேடால் ஓரமாக அறுங்கள். ஆறு பல் கப்ளர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். பத்து இருக்கிறது. பேரனிடம்தான் கேட்க வேண்டும்.