கம்பி துரு தள்ளிய தளத்துக்கு வெறும் சிமெண்ட் பூச்சா, பாலிமர் கலவையா?

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய ஊர்களில், வீடு கட்டி ஏழெட்டு வருஷம் ஆவதற்குள் சன்ஷேட் அடியில் கம்பி ஓடும் வாக்கிலேயே விரிசல் விழுகிறது. அடுத்த மழைக்காலத்தில் கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கேட்டால் "கடல்காத்து சார், நாம என்ன பண்ண முடியும்" என்பார் கட்டிக் கொடுத்தவர். காற்றில் உப்பு இருப்பது கட்டும்போதே தெரிந்த விஷயம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 (2000-ம் ஆண்டுப் பதிப்பு), கடலோரச் சூழலில் கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும், கான்கிரீட்டின் வலிமை எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. கடல்சாரல் நேரடியாகப் படும் இடமென்றால் 50 மி.மீ., எம்35. விழுந்த துண்டைக் கையில் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கம்பியின் பள்ளம் பதிந்த பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை 10, 15 மி.மீ. தேறினாலே அதிகம். கவர் பிளாக் வாங்காமல் ஜல்லித் துண்டைச் செருகிக் கம்பியைத் தூக்கிய வேலை அது.

கட்டிக் கொடுத்தவரையே கூப்பிட்டுச் செய்ய வைப்பது ஒரு வழி. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வந்தாலும், பெயர்ந்த இடத்தில் கலவையை அப்பி வெள்ளையடித்துவிட்டுப் போவார். ஆனால் பணத்தைக் கேட்கும் உரிமையை விட வேண்டாம். உங்கள் மனையில் ஒப்பந்தத்துக்குக் கட்டிக் கொடுத்தவர் மீது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள திட்டத்தில் வாங்கிய வீடு என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சொல்லும் வேலைக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தருவது கட்டியவரின் கடமை. எந்த வழியானாலும் உளியைத் தொடும் முன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். விழுந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். பூசி மூடிய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

நீங்களே சரிசெய்வதென்று ஆனால் இரண்டு வழி. ஒன்று, கொத்தனாரை வைத்து வெறும் சிமெண்ட் மணல் கலவையில் பூசுவது. இன்னொன்று, துருவை முழுக்க எடுத்து, கம்பிக்குப் பூச்சுக் கொடுத்து, எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர்ப் பால்) சேர்த்த பாலிமர் கலவையில் அடைப்பது. முதலாவது மலிவு, ஒரே நாளில் முடியும், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் இரண்டாவதன் பக்கம். ஆனால் அதுவும் எல்லா வீட்டுக்கும் பலிக்காது. அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: உப்பு எங்கிருந்து வந்தது?

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மையில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. இப்போது பெயர்ந்த இடத்தை மட்டும் புதுக்கலவையால் அடைத்தால், அதற்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிடும். அதே கம்பி நீண்டு போகும் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியேதான் இருக்கும். ஒரே கம்பியின் இரு பகுதிகளுக்கிடையே மின்வேதி ஓட்டம் உண்டாகி, ஒட்டின் விளிம்பைத் தாண்டிய பகுதி முன்னைவிட வேகமாகத் துருவேறும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி வளையமாகப் பெயர்வது இதனால்தான். பாலிமர் கலவை போட்டாலும் இந்த விதி மாறாது.

ஆகவே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கடலைப் பார்த்த சன்ஷேட், பால்கனி, கைப்பிடிச் சுவர் மட்டும் பெயர்ந்து, உள்ளறைச் சீலிங் நன்றாக இருந்தால் உப்பு வெளியிலிருந்து ஏறியது. அது மேலடுக்கில்தான் அதிகம் இருக்கும். வெட்டி எடுத்துவிடலாம், இந்த வேலை பலிக்கும். கடல்காற்றே படாத நடு அறையிலும், மேலே கசிவு எதுவும் இல்லாத இடத்திலும் கம்பி வாக்கில் கோடு விழுந்திருந்தால், உப்பு கான்கிரீட் கலக்கும்போதே உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள், அல்லது கழுவாத கடலோர மணலைச் சேர்த்திருப்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாயில் விட்டால் கரிக்கிற தண்ணீர் கலவைக்கு ஆகாது. அப்படிக் கட்டிய தளத்தில் எந்த ஒட்டும் நிற்காது. கான்கிரீட் தூளை எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் குளோரைடு அளவு பார்த்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரிடம் போவதே சரி. குளியலறைக்கு நேர் கீழே மட்டும் பெயர்ந்திருந்தால் முதலில் குழாய்க் கசிவைப் பாருங்கள்.

இனி வேலை. அறைச் சீலிங் என்றால் உடைக்கும் முன் நாலடிக்கு ஒரு முட்டு கொடுங்கள். தூண், உத்திரம் பெயர்ந்திருந்தால் நீங்களாகக் கைவைக்காதீர்கள். சன்ஷேட்டில் இன்னொரு எச்சரிக்கை: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குப் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவரோடு சேரும் இடத்தில் மேலே நீளவாக்கில் விரிசல் இருந்தால் பூசிப் பயனில்லை, இடித்துப் புதிதாகப் போட வேண்டும்.

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் 'பொத் பொத்' என்னும். சாக்பீஸால் எல்லை போட்டு, கிரைண்டரில் விளிம்பை 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். அதற்குள் கம்பி வந்தால் ஆழத்தைக் குறையுங்கள். விளிம்பு மெலிந்து சரிவாக இருந்தால் கலவை அங்கேதான் முதலில் கிளம்பும். துரு முடிந்து கம்பி வெள்ளையாகத் தெரிந்த இடத்தோடு நிறுத்தாமல், அதற்கு அப்பாலும் 5 முதல் 8 செ.மீ. வரை திறங்கள். கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வேண்டும், ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கொத்தனார்கள் விட்டுவிடுவது இந்தப் பின்பக்கத்தைத்தான். முன்னால் பளபளக்கும், முதுகில் துரு அப்படியே இருக்கும்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உலோகம் மின்னும் வரை தேயுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பிறகு கம்பியின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்குச் சிறிய தேய்மானம், ஆனால் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும். தேய்ந்த பகுதியைத் தாண்டி இருபுறமும் விட்டத்தின் 50 மடங்கு, அதாவது 40 செ.மீ. ஏற வேண்டும், அந்த நீளத்துக்குக் கான்கிரீட்டையும் திறக்க வேண்டும். அறைச் சீலிங்கில் இரண்டு மூன்று கம்பிக்கு மேல் இப்படி ஆகியிருந்தால் பொறியாளரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

தேய்த்த கம்பியை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து அன்றே பூச்சுக் கொடுத்துவிட வேண்டும். காலையில் மின்னிய கம்பி இந்தக் கரையில் சாயங்காலமே செம்பழுப்பாகிவிடும். ஆனி, ஆடிக் கச்சான் காற்று அடிக்கும்போது இன்னும் சீக்கிரம். அதனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்வது உத்தமம். துரு தடுக்கும் ஜிங்க் (துத்தநாக) எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். கம்பியின் முதுகுக்கும் சின்ன பிரஷ் போக வேண்டும்.

பிரைமர் காய்ந்ததும் பழைய கான்கிரீட்டை நனைத்து, மேலே நிற்கும் தண்ணீர் வற்றியபின், லேட்டக்ஸும் சிமெண்டும் குழைத்த ஒட்டுப்பாலைத் தேயுங்கள். விகிதம் டப்பாவில் போட்டிருக்கும்படியே. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் வழுக்கிவிடும் படலமாகிவிடும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். ஆகவே ஒரு தடவைக்கு இரண்டு சதுர அடி போதும்.

கலவைக்கு 5 கிலோ சிமெண்ட், 15 கிலோ சலித்த எம்.சாண்ட், 1 லிட்டர் லேட்டக்ஸ். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையில் உருட்டினால் உருண்டை நிற்கிற பதத்தில் நிறுத்துங்கள். மணல் மீது நம்பிக்கை இல்லையென்றால் மூட்டையில் வரும் ரெடிமிக்ஸ் ரிப்பேர் கலவையே மேல். முதலில் கம்பியின் பின்பக்கத்தை விரலால் அழுத்தி நிரப்புங்கள். தலைக்கு மேல் வேலை என்பதால் ஒரு அடுக்கு 10 முதல் 15 மி.மீ. வரைதான், அதற்கு மேல் ஏற்றினால் சொந்தப் பாரத்திலேயே தொங்கி, உள்ளே பொந்து விழும். அடுக்கு இறுகியதும் கீறிவிட்டு, ஒட்டுப்பால் தொட்டு அடுத்தது. முடிந்தால் பழைய மட்டத்துக்குக் கீழே இன்னும் 10 மி.மீ. கூட்டிப் பூசுங்கள். விதிநூல் சொல்லும் 45 மி.மீ. வராது; ஆனால் லேட்டக்ஸ் கலவை தண்ணீரை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது என்பதால் அந்தக் குறை ஓரளவு ஈடாகும்.

வெறும் சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். லேட்டக்ஸ் கலவைக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. ஒன்றிரண்டு நாள் ஈரச்சாக்குப் போதும், பிறகு காய விட வேண்டும். காய்ந்தால்தான் பாலிமர் படலமாகச் சேரும். நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுக்கு மட்டுமல்லாமல் முழு சன்ஷேட்டுக்கும், மேல்பக்கம் உட்பட, வெளிப்புற அக்ரிலிக் பூச்சு இரண்டு கை அடியுங்கள். மீதமிருக்கும் உப்புக்கு ஈரம் கிடைக்காமல் செய்வது இதுதான். ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டிவிடும் துத்தநாகக் கட்டிகளும் விற்கின்றன. கம்பிக்குப் பதில் தாம் அரிக்கப்பட்டு அந்த வளையப் பெயர்ச்சியைத் தள்ளிப்போடும். கொள்கை சரி, வீட்டுச் சன்ஷேட் அளவில் அந்தச் செலவு தகுமா என்பதில் எங்கள் அனுபவம் குறைவு.

வெறும் பூச்சுக்கு ஒரு இடம் உண்டு: கம்பி சம்பந்தப்படாமல் சுவர்க் காரை மட்டும் உதிர்ந்திருந்தால் அதுவே போதும், லேட்டக்ஸ் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். கம்பி கண்ணில் பட்ட எந்த இடத்துக்கும் அது வேண்டாம்.

வருஷம் ஒருமுறை, மழை முடிந்ததும், ஒட்டின் விளிம்பிலிருந்து ஒரு அடி சுற்றளவுக்குச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்ற சத்தம் கேட்ட இடத்தை வெடிக்கும் முன்பே திறந்தால் ஒரு சாண் வேலையோடு முடியும். இரண்டு மழைக்குள் மூன்று நான்கு இடத்தில் அந்தச் சத்தம் கேட்டால் உப்பு தளம் முழுக்க இருக்கிறது. அதற்குமேல் ஒட்டுப் போடாமல், அந்தப் பகுதியை இடித்துப் போட என்ன ஆகும் என்று பொறியாளரிடம் மதிப்பீடு கேளுங்கள்.