ஆமைக்கு ஹால் கண்ணாடித் தொட்டியா, மொட்டைமாடித் தொட்டியா?

எங்கள் வீட்டுச் சிவப்புக் காது ஆமை மூன்று வருடம் ஹாலில், கண்ணாடித் தொட்டியில் இருந்தது. போன தை மாதம் மொட்டைமாடிக்குக் குடி மாற்றினோம். சென்னை மாதிரி ஊரில், மாடி நம் கைவசம் இருந்தால், மாடிதான் என்பது என் கட்சி.

அழகு என்று பார்த்தால் கண்ணாடித் தொட்டிக்கு ஈடில்லை. ஆமை நீந்துவதைப் பக்கவாட்டில் பார்க்கலாம், வீட்டுக்கு வருகிறவர்களும் அங்கேயே நின்றுவிடுவார்கள். மாடித் தொட்டியில் முதுகுதான் தெரியும். தொட்டி வாங்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

முடிவு செய்ய வைத்தது தண்ணீர் மாற்றும் வேலை. கொளத்தூரில் வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சு. பெண் ஆமையாக இருந்தால் ஓடு 10, 12 அங்குலம் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் மூன்றடித் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 190 லிட்டர்தான். ஆமை ஆறு அங்குலம் ஆனபோதே பற்றவில்லை.

மீன் வளர்த்த பழக்கத்தில் ஆமைக்கு வந்தால் இங்கேதான் ஏமாந்துபோவோம். ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும். தீனியைக் கடித்துச் சிதறடித்துத் தின்னும், கழிவும் அதே தண்ணீரில். அத்தனையும் அழுகி அம்மோனியாவாகும். நல்ல ஃபில்டர் இருந்தும் ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை டியூப் போட்டு இறக்கி, ஆறு பக்கெட் வெளியே, ஆறு பக்கெட் உள்ளே. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவும் கூடாது. குளோரின் பட்டால் அதில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். ஊருக்குப் போய் ஒரு ஞாயிறு தவறினால் புதன்கிழமை ஹாலே நாறும்.

மாடியில் இருப்பது 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. அடியில் ஒரு குழாய் வைத்து வாங்கினோம். திறந்துவிட்டால் அழுக்கு முதலில் வெளியேறி, ஹோஸ் வழியாக வாழைக்கும் மல்லிகைக்கும் போகிறது. செடிகளுக்கு அது நல்ல உரம். கீரைப் பாத்திக்கு மட்டும் விடுவதில்லை. ஆமைத் தண்ணீரில், வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அடுத்து போர் தண்ணீரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. கால் மணி நேரம், ஒரு பக்கெட்கூடத் தூக்குவதில்லை. தண்ணீர் அதிகம் என்பதால் சீக்கிரம் கலங்குவதும் இல்லை. மூன்று வருடம் முதுகு வலித்த எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்புறம் வெயில். ஹாலில் ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில்தான் வைத்திருந்தோம். இரண்டாம் வருடம் ஓட்டின் ஓரம் அழுத்தினால் லேசாக நெகிழ்ந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் விளக்கினார்: ஆமையின் உடல் டி3 வைட்டமினைத் தயாரிக்க வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது, அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். இது தெரியாமல் ஒரு வருடம் வைத்திருந்தோமே என்று இன்றும் மனசு உறுத்துகிறது. யுவிபி விளக்கு வாங்கினோம். எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். மாடியில் இந்தச் செலவே இல்லை. காலையில் செங்கல் மேட்டில் ஏறிப் பின்னங்காலை நீட்டிப் படுத்துவிடுகிறது.

மாடியிலும் ஆபத்து உண்டு. கத்திரி வெயிலில் நண்பகல் தண்ணீர் 34 டிகிரி காட்டியது. அன்றே பாதித் தொட்டிக்குப் பச்சை வலை கட்டினோம். கறுப்புத் தொட்டி வாங்காதீர்கள், சூடு ஏறும். காக்கையும் பூனையும் வராமல் மேலே கம்பி வலை கட்டாயம். குஞ்சு ஆமையை, நாலு அங்குலம் தாண்டும்வரை, நான் மாடியில் விடமாட்டேன்.

ஐப்பசி மழைக்குத் தனி கவனம் வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்தால் ஆமை நீந்தி விளிம்பைத் தாண்டிவிடும். விளிம்புக்கு முக்கால் அடி கீழே ஓட்டை போட்டு வலை ஒட்டியிருக்கிறோம். வெளிநாட்டு இனமான இந்த ஆமை தப்பிப்போய் ஏரியில் சேர்ந்தால் நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறிக்கும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் விடவே கூடாது. அதேபோல, கிணற்றிலோ வயலிலோ கிடைக்கும் நம்மூர் ஆமையைக் கொண்டுவந்து இந்தத் தொட்டியில் போடுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நான் வளர்ப்பது ஒரே ஒரு ஆமை, அதுவும் சென்னையில். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு என் அனுபவம் உதவாது. இரண்டு ஆமைகள் இருந்தால் இடமும் வேலையும் கூடும். எவ்வளவு என்று வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஹால்தான் வழி. அப்படியானால் நாலடிக்குக் குறையாத தொட்டி, பெரிய வெளி ஃபில்டர், யுவிபி விளக்கு, இந்த மூன்றையும் முதல் நாளே வாங்குங்கள். அந்த எடையைத் தாங்குகிற ஸ்டாண்டும் வேண்டும். 300 லிட்டர் தண்ணீர் மட்டுமே 300 கிலோ.