அரச ஆய்வுகூடமும் கம்பனியும்: எந்த ஒப்பந்தம் நமக்கு நல்லது?

இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரையில் ஒரு பிடி கறுப்பு மணலை அள்ளிப் பாருங்கள், கை இறங்கும். டைட்டேனியம் உலோகம் அடங்கிய இந்த இல்மனைட் மணல் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பாரம். 1957 இல் அதற்கென்று அரச கூட்டுத்தாபனம் தொடங்கி இத்தனை காலமாகியும், பெயின்டுக்கு வெள்ளை நிறம் தரும் டைட்டேனியம் டயொக்சைட்டை இங்கே செய்யாமல், பிரித்த மணலாகவே பெரும்பாலும் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறோம். அரச ஆய்வுகூடமும் தனியாரும் சேர்ந்தால்தான் இது மாறும் என்கிறார்கள். சரி, சேரட்டும். என்ன ஒப்பந்தத்தில் சேர்வது என்பதுதான் என் கேள்வி.

முதல் வழி, கூலிக்கு ஆய்வு. 1955 இல் தொடங்கிய பழைய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம், இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று: கம்பனி மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு கட்டும், அறிக்கை வரும். தரம் பார்க்க இது போதும். ஆனால் ஒரு அறிக்கையை வைத்துப் புதுத் தொழில் பிறக்காது.

இரண்டாவது, பங்கு போட்டு நடத்தும் நிறுவனம். 2008 இல் அரசும் பிராண்டிக்ஸ், எம்.ஏ.எஸ்., டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார் ஆகிய கம்பனிகளும் சேர்ந்து தொடங்கிய ஸ்லின்டெக் நானோ ஆய்வு நிறுவனம் இந்த வகை. இல்மனைட்டிலும் வேலை செய்தார்கள். எனக்கு மனதில் நிற்பது அவர்களுடைய யூரியாதான். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே வகைக் கனிமத்தின் நுண்துகள்களில் யூரியாவை ஏற்றி, நைதரசன் மெதுவாகக் கசிகிற மாதிரி செய்தார்கள். நெல் வயலில் பாதி யூரியாவோடு விளைச்சல் குறையவில்லை என்று 2017 இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அருமையான வேலை, ஆனால் அதன் காப்புரிமை நாகார்ஜுனா என்ற இந்தியப் பசளைக் கம்பனியிடம் போய்விட்டது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது கந்தளாயில் என் மாமாவின் வீட்டு மூலையில் கட்டிவைத்த அரைப்பை யூரியா மட்டும்தான் இருந்தது, அதையும் சுண்டு சுண்டாக அளந்து மஞ்சளித்த பாத்திகளுக்கு மட்டும் போட்டார். உரிமை நம்மிடம் இருந்திருந்தால் அன்றே பசளை வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன், அதற்குத் தொழிற்சாலை வேண்டும். ஆனாலும் கட்டலாமா என்று யோசிக்கவாவது உரிமை கையில் இருக்கவேண்டுமல்லவா?

மூன்றாவது, அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த கூட்டு ஆய்வு ஒப்பந்தம். ஆய்வுகூடம் ஆட்களையும் கருவிகளையும் இடத்தையும் தரலாம், கம்பனிக்குப் பணம் மட்டும் தரக்கூடாது, கம்பனியோ பணமும் போடலாம். கூட்டு வேலையில் ஆய்வுகூடத்தார் கண்டுபிடித்ததற்கு, பேசிக்கொண்ட துறைக்குள் தான் மட்டுமே பயன்படுத்தும் உரிமையைக் கேட்க முதல் வாய்ப்பு கம்பனிக்குத்தான். முடிவுகளை 5 வருடம்வரை வெளியிடாமலும் வைத்திருக்கலாம். கம்பனி ஆட்களே கண்டுபிடித்திருந்தாலும் அரசு தன் தேவைக்கு அதைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். இந்தக் கடைசி வரிக்காகவே எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. கம்பனிக்கு லாபம் வரட்டும், வராவிட்டால் யார் காசைப் போடப்போகிறார்கள்?

இதில் குறையும் உண்டு. ஆய்வுகூடத்திடம் சொந்தமாக நல்ல விஞ்ஞானிகள் வேண்டும், மேசையில் உட்கார்ந்து பேரம் பேசத் தெரிந்த சட்டத்தரணியும் வேண்டும். அந்த விஞ்ஞானிகள் சம்பளம் போதாமல் வெளிநாடு போனால் கருவிகள் தூசி படிந்து கிடக்கும், அப்புறம் எந்த ஒப்பந்தத்தாலும் பயனில்லை. பங்கு நிறுவனத்தில் ஆட்களை எடுப்பதும் வேலை நகர்வதும் வேகமாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் புல்மோட்டையில் மணல் அரசின் கையில் இருக்கிறது. பேரம் பேச அதைவிட என்ன பலம் வேண்டும்? மணலுக்கும் சரி, பசளைக்கும் சரி, என் தெரிவு மூன்றாவதுதான், அதுவும் ஒரு நிபந்தனையோடு: காப்புரிமை யாருக்கு விற்கப்பட்டாலும் இந்த நாட்டுத் தேவைக்கு அதை இங்கேயே செய்துகொள்ளும் உரிமை விற்பனையோடு போகக்கூடாது, அது முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும்.